பூசிய பச்சை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

கிழக்கு வரிசையின் கடைசித் தொட்டியை நீ கணக்கிலிருந்து எடுத்துவிட்டாய். எடுத்ததைக்கூட விட்டுவிடுவேன். எடுத்த இடத்தை வெறுமையாக வைக்காமல், அக்கம்பக்கத்துத் தொட்டிகளின் நிறத்தைப் பூசி, அதுவும் கண் விழித்திருப்பது போல எங்கள் அறைச் சுவரில் இருக்கும் திரையில் பச்சையாக எரிய வைத்தாய். இங்கே இருக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நான் டீ குடித்தேன். அதே நேரத்தில் அந்தத் தொட்டியின் அடியில் உன் அத்தான் முழங்கால் பிசகிப் பனிமூட்டத்தில் கிடந்தார். இதுதான் நீ செய்த தப்பு. முதலிலேயே எழுதிவிட்டேன், கடைசிப் பக்கத்தில் தேட வேண்டாம்.

பதறாதே. அத்தான் நன்றாக இருக்கிறார். நான் எழுதும் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தலையணையை இப்படி வை, அப்படி வை என்று அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார். விரல் நுனிகள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. போகப் போகச் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் சூப் குடித்தார். உப்பு இல்லை என்றார். புருஷன் உப்பு இல்லை என்று குறை சொன்னதற்கு அடுப்படியில் போய் நின்று அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அலுவலகத்திலிருந்து உனக்கு அறிக்கை வந்திருக்கும். ‘களத்தில் ஊழியர் ஒருவருக்கு லேசான காயம்’ என்று இருக்கும். நானும் பார்த்தேன். அந்த ‘ஊழியர் ஒருவர்’ உன் கல்யாணத்தன்று உன் செருப்பு காணாமல் போனபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடு நின்றவர். அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்.

ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ பாதியில் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய். விளக்கம் சொல்வதில் உன்னை யாரும் ஜெயிக்க முடியாது, சின்ன வயதிலேயே அப்படித்தான். கடிதத்துக்கு நடுவே குறுக்கே பேச முடியாது. அதனால்தான்.

கட்டு மாற்றப் பகலில் வந்த மருத்துவர் புதியவர். ஜன்னல் வழியே தொட்டிகளைப் பார்த்துவிட்டு, “இத்தனை பெரிய டிரம்ல என்னம்மா வச்சிருக்கீங்க, எண்ணெயா?” என்று கேட்டார். தண்ணீர் என்றேன். சிரித்தார். அவர் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் நான் சொல்லி முடித்தேன். நான் எந்தக் கல்லூரியிலும் இதைப் படிக்கவில்லை. பம்பு ஓட்ட வந்தவள் கேட்டுக் கேட்டு, நீ எழுதும் கட்டுரைகளைப் புரியாத பக்கங்களோடு சேர்த்துப் படித்துக் கற்றுக்கொண்டது. தப்பிருந்தால் திருத்து.

தொட்டி நிறைய வடிகட்டிய தண்ணீர். உள்ளே ஊசி முனை வெளிச்சம்கூடப் புகாத இருட்டு. அடியில் கண்ணாடிக் கண்கள் மேலே பார்த்தபடி விழித்திருக்கும். எங்கோ வெடித்துப்போன நட்சத்திரத்திலிருந்தோ, அதற்கும் அப்பாலிருந்தோ ஒரு துகள் வந்து நம் தலைக்கு மேலே காற்றில் மோதுகிறது. மோதியது நொறுங்கி, நொறுங்கியது மறுபடி நொறுங்கி, மழையாக இறங்குகிறது. அந்த மழை தண்ணீருக்குள் பாயும்போது, கண் இமைப்பதற்குள், ஒரு நீல வெளிச்சம். கண்கள் அதைப் பார்த்துக் கேபிள் வழியே சொல்லிவிடும். எந்தத் தொட்டி முதலில் நனைந்தது, எது பிறகு என்று பார்த்தால் மழை வந்த திசை தெரியும். வருவதில் பெரும்பாலும் காஸ்மிக் கதிர். அதை வழியெல்லாம் காந்தம் இழுத்து இழுத்துத் திருப்பிவிடும், புறப்பட்ட ஊரை அதனால் சொல்ல முடியாது. அபூர்வமாக ஒரு காமா கதிர் வரும். அது யார் இழுத்தாலும் திரும்பாது, நேராக வரும், தன் வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். கூட்டத்தில் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுக்கத்தான் இத்தனை தொட்டி.

“பகல்லயும் பாக்குமா?” என்றார் மருத்துவர். பகல், ராத்திரி, மழை, லீவு எதுவும் இதற்குக் கிடையாது என்றேன். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, “அப்போ ஒரு தொட்டி பொய் சொன்னா என்ன ஆகும்?” என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். உன்னைத்தான் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசித் தொட்டி மதியத்துக்கு மேல் அளவுக்கு மீறி எண்ணுகிறது, மூடியில் வெளிச்சம் கசியலாம், வசதிப்படும்போது பார்க்கவும் என்று நீ இரண்டு வரி அனுப்பியிருந்தாய். சாப்பிடும்போது அதைச் சத்தமாகப் படித்தேன். என் தொட்டியிலா கசிவு? ஒவ்வொரு மூடியின் ரப்பர் வளையத்தையும் என் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்து மூடியவள் நான். அப்படித்தான் சொன்னேன், இப்போதும் அந்த வேலையைக் குறை சொல்ல விடமாட்டேன். உன் அத்தான் தட்டைக் கழுவிக்கொண்டே, “உன் தம்பி இருக்குங்கறான், நீ இல்லேங்கற. அக்கா தம்பிக்கு நடுவுல நான் எதுக்கு? நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார்.

அந்தத் தொட்டிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியாது. மச்சான். ஓரமாக நின்றுகொண்டு எப்போதும் புலம்பிக்கொண்டே இருக்கிறதாம், ஆனாலும் விட முடியாத சொந்தமாம்.

டிரைவர் அவரைக் கிழக்கு ஓரத்தில் இறக்கிவிட்டு வடிகட்டி வாங்க டவுனுக்குப் போனார். வாக்கி-டாக்கி ஜீப் சீட்டிலேயே தங்கி அதுவும் டவுனுக்குப் போனது. அந்த ஓரத்தில் போனுக்குச் சிக்னலும் கிடையாது. அத்தான் ஏணி வைத்து ஏறி மூடியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். அதற்குள் மூட்டம் வந்துவிட்டது. இந்த மேட்டில் மூட்டம் வருவதை நீ பார்த்ததில்லை. நீ வந்த தடவையெல்லாம் வானம் உனக்காகத் துடைத்து வைத்தது போல இருந்தது. மூட்டம் வந்தால் நீட்டிய கை தெரியாது. அவர் இறங்கும்போது ஈரப் படியில் கால் வழுக்கி, முழங்கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். எழுந்து நிற்க முடியவில்லை.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. உன் கையேட்டில் இருக்காது. அதை எழுதியவர்கள் யாரும் மூட்டத்தில் நின்றதில்லை. முதல் வரிசைத் தொட்டிகளை நிறுத்திய காலத்தில் எங்களிடம் வாக்கி-டாக்கி கிடையாது. அப்போது நான் வைத்த விதி இது: வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் எங்கேயும் நடக்காதே. கைக்கு எட்டும் தொட்டியின் கேபிளைப் பிடுங்கு. தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார். சுவரில் அந்தத் தொட்டியின் கட்டம் கறுப்பாகிவிடும். வேலைக்காகப் பிடுங்குகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் பிடுங்குவார்கள். சொல்லாமல் ஒரு கட்டம் கறுத்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கிளம்பிப் போய்விடுவோம். இப்படித்தான் ஒருமுறை, போனுக்குச் சிக்னல் தேடிக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகும் பெண்ணோடு பேசிக்கொண்டே நடந்துபோன நம் சமையல்காரரை மீட்டு வந்தோம். நாங்கள் போய் நின்றபோதும் அவர் பேசி முடிக்கவில்லை.

உன் அத்தான் அந்த விதிப்படியே செய்தார். கேபிளைப் பிடுங்கினார், சாய்ந்து உட்கார்ந்தார், ஆள் வரும் என்று நிம்மதியாக இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பேச்சை மறுக்காமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் எங்கே இருந்தேன்? சுவருக்கு எதிரே. மூட்டம் இறங்கியதும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தேன். பச்சை. “இன்னும் கேபிளையே தொடல. மூட்டத்தப் பாத்ததும் மேற்கு ஷெட்டுல போய் ஹீட்டர் போட்டு உக்காந்திருப்பாரு” என்று சமையல்காரரிடம் சொன்னேன். அவர், “அண்ணன் அங்க ஒரு தூக்கமே போட்டிருப்பாருக்கா” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த முறை பார்த்தேன். பச்சை. மழையும் பனியும் கலந்து கூரையில் தட்ட ஆரம்பித்தது. திரும்பவும் பார்த்தேன். பச்சை, பச்சை. மனசு அடித்துக்கொண்டபோதெல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன். கட்டமே இல்லாமல் இருந்திருந்தால் முதல் தூறலிலேயே கிளம்பியிருப்பேன். புரிகிறதா? சுவர் சும்மா இருந்திருந்தால் பயந்திருப்பேன். சுவர் என்னைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தது.

டிரைவர் டவுனிலிருந்து திரும்பி, அத்தான் ஷெட்டில் இல்லை என்று சொன்னபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கிழக்குப் பக்கம் போகலாமா, மேற்கே தேடலாமா என்று நாங்கள் கதவருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். கிழக்கில்தான் பச்சையாக இருக்கிறதே, அங்கே மாட்டியிருந்தால் பிடுங்கியிருப்பாரே, மேற்கே போகலாம் என்று நான்தான் சொன்னேன். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டும் ஆயிற்று.

அப்போதுதான் தொட்டிக் கணக்குப் பார்க்கும் தன் அறையிலிருந்து உன் மகள் ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. “அத்தை, மச்சான் அணைஞ்சு அணைஞ்சு எரியுது!” என்றாள். என் கை தானாகச் சுவரைக் காட்டியது. “பச்சையாத்தானடி இருக்கு?” என்றேன். அவள் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது பச்சை இல்ல அத்தை. அப்பா பூசினது” என்றாள்.

தம்பி, அந்தச் சொல் என் காதில் விழுந்த விதத்தை உனக்கு எழுத மாட்டேன்.

அவளுடைய சின்ன அறையில், தன் கம்ப்யூட்டரில், அந்தத் தொட்டி அனுப்புவதை எதுவும் பூசாமல், உள்ளபடியே ஓட விட்டிருக்கிறாள். வெகுநேரம் சுழியமாகக் கிடந்ததாம். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பிறகு எண்ணிக்கை எழுந்ததாம், விழுந்ததாம், மறுபடி எழுந்ததாம். கெட்டுப்போன கேபிள் இப்படி ஒழுங்காக மூச்சு விடாது, யாரோ மாட்டி மாட்டிப் பிடுங்குகிறார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. இங்கே வந்த முதல் நாளே எங்கள் வழக்கத்தை அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை, ஓடி வந்துவிட்டாள்.

நான்கு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். முன்னால் டிரைவர், பிறகு நான், பிறகு அவள், கடைசியில் சமையல்காரர் கரண்டியோடு. அவசரத்தில் கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டார். அதுவும் நல்லதுதான். ஒவ்வொரு தொட்டியாக அதைக்கொண்டு தட்டித் தட்டிப் போனோம். தட்டிவிட்டு நின்று கேட்போம். தண்ணீர் நிறைந்த தொட்டி உள்ளே அமுங்கிய குரலில் உம் என்று முனகும். அவ்வளவுதான். அடுத்தது. அடுத்தது. ஒரு தொட்டியைத் தட்டியபோது மறுபக்கத்திலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

முதுகைச் சாய்த்து, என் விதி சொன்னது போலவே அசையாமல், கேபிள் முனையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தொப்பியில் பனி. புருவத்தில் பனி. எங்களைப் பார்த்ததும், “சமையல்காரரையும் கூட்டிட்டு வந்துட்டா அடுப்ப யாரு பாக்கறது?” என்றார். வாய் குழறியது. அடுத்த வாக்கியம் என்ன தெரியுமா? “ரப்பர் சுருங்கிப்போச்சு. மேற்குப் பக்கம். உன் தம்பி சொன்னது சரி.” இதை அப்போதே, அங்கேயே, அந்த நிலைமையில் சொல்ல வேண்டுமா ஒரு மனுஷன்? திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதினால் தபால்காரர் கொண்டுவர மாட்டார். திட்டி முடியும்வரை அவருடைய இரண்டு கைகளும் என் ஸ்வெட்டருக்குள் இருந்தன.

எந்த ஏணியிலிருந்து விழுந்தாரோ அதிலேயே படுக்க வைத்துத் தூக்கி வந்தோம். வழியில் உன் மகள் ஏன் மாட்டி மாட்டிப் பிடுங்கினீர்கள் மாமா என்று கேட்டாள். பேச வைத்தால் தூங்க மாட்டார் என்று கேட்டாள், புத்திசாலி. “மொதல்ல ஒரு தடவ புடுங்கிட்டு உக்காந்தேன். யாரும் வரல. உங்க அத்தை சுவத்தப் பாக்காம இருக்க மாட்டாளே, ஒருவேளை நான்தான் சரியாப் புடுங்கலியோன்னு திரும்ப மாட்டிப் புடுங்கினேன். அப்பறம் அதயே பண்ணிட்டிருந்தேன், கைக்கும் சூடு” என்றார். கேட்டாயா? தான் செய்தது தப்போ என்று நினைத்திருக்கிறார். நான் பார்க்கவில்லையோ என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. பார்த்தேனே, தம்பி. பார்த்துக்கொண்டே இருந்தேனே.

அன்று எல்லோரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். மருத்துவர் வந்து, பார்த்து, எலும்பு முறியவில்லை, தசைநார்தான் பிசகியிருக்கிறது, கொஞ்சம் தாமதமாகியிருந்தால் விரல்களைப் பற்றி வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனபோது, டிரைவர் தரையிலேயே படுத்துவிட்டார். வாக்கி-டாக்கியை ஜீப்பில் விட்டுவிட்டது தன் தப்பு என்று அதுவரை நின்றுகொண்டே இருந்தவர். சமையல்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. எல்லோரும் குடித்தோம். இன்று காலை சூப்பில் உப்பு இல்லாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன், டப்பாவைக் கண்டாலே மனுஷர் ஒதுங்கிப் போகிறார்.

தொட்டி கெட்டிருந்தது. நீ சொன்னபடியே மூடியில் கசிவுதான். வெயில் மேற்கே சாயும்போது ரப்பர் சுருங்கிய பக்கமாக வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. இதை ஒரு தடவை எழுதுகிறேன், இரண்டாம் தடவை எழுத மாட்டேன். கெட்ட தொட்டியை உன் கணக்கிலிருந்து நீக்கியது நியாயம். ஒரு தொட்டி பொய்யாக எண்ணினால் காமா எது, மற்றது எது என்று பிரிக்க முடியாமல் போகும், அதுவும் எனக்குத் தெரியும். கணக்கில் நீ நேர்மையாகத்தான் இருந்திருக்கிறாய். சுவரில்தான் பொய் சொன்னாய்.

ஏன் என்று உன் மகளைக் கேட்டேன். போன முறை பார்வையிட வந்த குழுவுக்குக் காட்டுவதற்காகச் செய்தது, பிறகு அப்படியே விட்டுவிட்டார் என்றாள். “படத்துல ஓட்டை தெரிஞ்சா எல்லாரும் ஓட்டையப் பத்தித்தான் கேப்பாங்கன்னு அப்பா சொன்னார் அத்தை.” கேட்கட்டுமே. ஓட்டையைப் பற்றிக் கேட்கத்தானே ஓட்டை. அங்கே உனக்கு அது படம். எங்களுக்கு அது கதவு. அதைத் திறந்துகொண்டுதான் நாங்கள் ஆளைத் தேடிப் போகிறோம்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். “கேபிளப் புடுங்கற வழக்கத்த அப்பாகிட்ட யாராவது சொல்லியிருக்கீங்களா அத்தை?” நான் சூப்பைக் கிளறினேன். அடிப்பிடித்துவிடும் போல இருந்தது.

பூசியதை உடனே எடுத்துவிடவா என்று கேட்டாள், இரண்டு நிமிட வேலையாம். வேண்டாம் என்றுவிட்டேன். பூசியவன் எடுக்கட்டும். அதுவரைக்கும் சுவரில் அந்தக் கட்டத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

இப்போது அவளைப் பற்றி. இதற்காகத்தான் விளக்கை ஏற்றிக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். மின்னஞ்சலில் தொட்டி எண்ணும் வோல்டேஜும் மட்டும் போய் வருகின்றன. அப்பாவும் மகளும் எழுதிக்கொள்ளும் கடிதமா அது? மின்சார அலுவலகம்கூட இதைவிட அன்பாக எழுதும். அந்தத் தொட்டி கெடவில்லை, மதியத்துக்கு மேல் திரளும் இடிமேகத்திலிருந்து வரும் காமா கதிரைத்தான் அது பார்க்கிறது என்று அவள் சொன்னாளாம். மேகமே கதிர் வீசும் என்பது மெய்தான் என்று நீயே ஒருமுறை எனக்கு எழுதியிருக்கிறாய். ஆனால் கூட்டத்தில் எல்லோருக்கும் எதிரே, ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு மேகத்தைத் துரத்தாதே, உருப்படியான வேலையைப் பார் என்றாயாம். அதற்குப் பிறகு அவள் அந்தத் தொட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அறைக்குள் மட்டும், உனக்குத் தெரியாமல், அதைப் பூசாமல் ஓட விட்டிருக்கிறாள். கொசு என்று சின்ன வயதில் நீ அவளுக்கு வைத்த செல்லப் பெயர் பொருத்தம்தான். விரட்டினாலும் அங்கேயேதான் சுற்றியிருக்கிறாள்.

அவள் நினைத்தது தப்பு. மேகம் இல்லை, ரப்பர். அத்தான் சொன்னது முதல் அவளுக்குத் தெரியும். மூட்டம் விலகியதும் தானே ஏறிப் போய், சுருங்கிய வளையத்தை உரித்து எடுத்து வந்தாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மாமாவைக் காப்பாற்றியவள் என்று நாங்கள் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம், அவள் முகத்தில் அது ஏறவில்லை. “அப்பாகிட்ட நான் சொல்லணும் அத்தை, அவர்தான் சரின்னு” என்றாள் நேற்று. போனைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். வளையத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தப்பான காரணத்துக்காக அவள் சரியான திரையைத் திறந்து வைத்திருந்தாள், தம்பி. நீ சரியான காரணத்துக்காகத் தப்பான திரையைக் காட்டினாய். இதில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்காதே. என் புருஷன் பக்கத்தில் குறட்டை விடுகிறார். குறட்டைக்குக்கூட நான் இன்று கோபப்படவில்லை.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

நீ உன் கையாலேயே அந்தப் பச்சையை எடுக்க வேண்டும். அது மட்டும் அல்ல, எந்தத் தொட்டி கண்ணை மூடினாலும் அது சுவரில் கறுப்பாகவே தெரிய வேண்டும். குழு வந்தாலும், மந்திரி வந்தாலும், யார் வந்தாலும். நீ எடுத்த பிறகுதான் டேப்பை உரிப்பேன்.

கேபிள் வழக்கத்தை நான் எழுதி அனுப்புகிறேன். முன்பே அனுப்பியிருக்கலாம். கையேட்டின் முதல் பக்கத்தில் போடு, பின்னிணைப்பில் போடாதே, அங்கே நானே படிப்பதில்லை.

ரப்பர் வளையங்களை நானும் டிரைவரும் வரிசை வரிசையாகச் சரிபார்க்கிறோம், கிழக்கிலிருந்து ஆரம்பித்து. சுருங்கியதை மாற்றுவது என் பொறுப்பு. வாக்கி-டாக்கி இடுப்பில் இல்லாமல் யாரும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது டிரைவர். சமையல்காரர் உப்பையும் சர்க்கரையையும் வேறு வேறு நிற டப்பாவில் போட வேண்டும். கரண்டி மட்டும் அவரிடமே இருக்கட்டும்.

மருத்துவர் கால் ஊன்றச் சொல்லும்வரை அத்தான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ ஒரு வார்த்தை எழுது. மச்சான் சொன்னால் கேட்பார், தொட்டி சொன்னதையே கேட்டவர்.

உன் மகள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவள் செய்துவிட்டாள்.

கடைசியாக நீ. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவளுக்குப் போன் செய். மின்னஞ்சல் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டால் அடுப்படியில் எங்களோடு இருப்பாள், தனியாக இருக்கும்போது கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். தொட்டியைப் பற்றிக் கேட்காதே. மாமா எப்படி என்றும் கேட்காதே, அதை நான் எழுதிவிட்டேன். அவளைக் கொசு என்று கூப்பிடு. அவள், “அப்பா, நீங்க சொன்னதுதான்...” என்று ஆரம்பிப்பாள். அந்த வாக்கியத்தை அவளை முடிக்க விடாதே.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன் அக்கா